அளந்து போடும் மருந்து

சில வருஷங்களுக்கு முன்பு நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு நரிக்குறவன் வருவான். மதுராந்தகம் ஏரிக்கரையில் கதாநாயகியைத் துரத்தி வரும் முரடர்களை வெருட்டுவதற்காக, தன் நாட்டுத் துப்பாக்கியை வானத்தை நோக்கிப் பிடித்து 'டுமீல், டுமீல்' என்று இரண்டு முறை சுடுவான். அந்த அத்தியாயத்துக்கு நல்ல பாராட்டு. ஒரே ஒரு வாசகர் மட்டும் தபால் கார்டில் இப்படி எழுதியிருந்தார்:

"அவன் கையில் இருப்பது ஒற்றைக் குழல் துப்பாக்கி என்று மூன்றாவது அத்தியாயத்தில் தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஒரு வெடி வெடித்தபின் குழலின் வாய் வழியாக மருந்து போட்டு, நாரைத் திணித்து, கம்பியால் கெட்டித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார் திணித்து, கேப்பு வைத்தால்தான் அடுத்த வெடி. அதற்குள் அந்த முரடர்கள் காபி சாப்பிட்டுவிட்டே வந்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. கதையில் போய் இதையெல்லாம் பார்ப்பார்களா என்று கார்டை மேஜை இழுப்பறையில் தள்ளிவிட்டேன். அந்தக் கோபம் வெட்கமாக மாறியதற்கு என் தங்கை மகன்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லும்போது எங்கள் செங்கல்பட்டு வக்கீல் நண்பர் ஒருவரோடு சண்டை போடவும் நேரும். அவர் இதைப் படிப்பார், படித்துவிட்டு வரட்டும்.

தங்கை மகன் அமெரிக்காவில், டெக்ஸாஸில் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். மற்றவர்கள் அங்கே தோட்டம் போடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். இவன் தன் ரைபிளுக்குத் தானே தோட்டா தயாரித்துக்கொண்டு ஆயிரம் கஜ தூரத்தில் காகிதத்தைச் சுடுகிறான். போன மார்கழியில் வந்திருந்தபோது கேட்டேன்: "ஏண்டா, கடையில் தோட்டா கிடைக்காத ஊரா அது?"

"கிடைக்கும் மாமா. ஆனா கடைத் தோட்டா ஊருக்கெல்லாம் தைச்ச சட்டை மாதிரி. என் துப்பாக்கிக்கு என்ன பிடிக்கும்னு அதுக்குத் தெரியாது."

பிறகு விளக்கினான். தோட்டா என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நான்கு சாமான்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் மற்ற மூன்றும் போய்விடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். வெடிக்கும்போது அது விரிந்து, அந்தத் துப்பாக்கி அறையின் வடிவத்தையே தன் வடிவமாக வாங்கிக்கொள்கிறதாம். அதைத் துடைத்து, சீராக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை ஒரே ஆழத்தில் உட்கார வைக்க வேண்டும். ஆரம்பிக்கிறவன் ஒரு துப்பாக்கி, ஒரு வகைக் குண்டு, ஒரு வகை மருந்து என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அச்சிட்ட கையேட்டில் போட்டிருக்கும் குறைந்த அளவிலிருந்தே தொடங்க வேண்டும். மேஜைமேல் இரண்டு மருந்து டப்பா இருக்கவே கூடாது. அவசரக்காரன் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றான்.

நிறுப்பது என்றால் நம் காய்கறிக் கடை நிறுவை அல்ல. 'கிரெய்ன்' என்று ஓர் எடை. ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன். நம் கணக்கில் சுமார் 65 மில்லிகிராம். ஒரு காலத்தில் வாற்கோதுமை மணியை வைத்து வந்த எடை அது. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து நிறுக்கிறார்கள். எனக்கு எங்கள் தெருத் தட்டான் ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன்.

"இத்தனை நுணுக்கம் எதற்கு?" என்றேன். குண்டு புறப்படும் வேகம் வினாடிக்குப் பத்து மீட்டர் முன்பின்னாக இருந்தால், ஆயிரம் கஜத்தில் அது ஒரு சாணுக்குக் குறையாமல் மேலோ கீழோ விழுமாம். அதே மருந்து குளிர்காலத்தில் ஒரு வேகம், வெயிலில் ஒரு வேகம். இவ்வளவும் சரியாக இருந்து, பத்து மைல் வேகத்தில் குறுக்குக் காற்று அடித்தால் அவனுடைய .308 குண்டு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஒதுங்கிப் போய்விடும். அதற்குத் தராசில் மருந்து கிடையாது. புல்லைப் பார்த்து, கானலைப் பார்த்துக் காற்றைப் படிக்க வேண்டியதுதான்.

அன்று மாலை வக்கீல் நண்பரும் வந்திருந்தார். இந்தப் பேச்சைக் கேட்டு அப்படியே சொக்கிப் போனார். வேட்டைப் புத்தகங்கள் என்றால் அவருக்கு உயிர். கார்பெட்டும் கென்னத் ஆண்டர்ஸனும் அவர் அலமாரியில் தோல் அட்டையில் இருக்கிறார்கள். "இது தவமய்யா, தவம்! பொறுமை, அளவு, அடக்கம். நம் ஜனங்களுக்கு இது எங்கே வரும்?" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திராது. "இங்கே துப்பாக்கி என்றால் அந்த நரிக்குறவர்கள்தான். பழைய குழாயில் கண்டதைப் போட்டு அடைத்து, கண்ணில் பட்டதைச் சுடுகிற கூட்டம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். காரணம், என் தொடர்கதையில் நானும் அதையேதான் எழுதியிருந்தேன். கொஞ்சம் சிரிப்பு மூட்டும்படியாக எழுதியிருந்தேன், அவ்வளவே வித்தியாசம்.

மறுநாள் மருமகனை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் பாசிமணி விற்றுக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பூஞ்சேரிக்காரர். பூஞ்சேரி என்றால் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2021-ல் ஒரு கோயில் அன்னதானப் பந்தியில் தங்களை உட்காரவிடவில்லை என்று அந்த ஊர் நரிக்குறவப் பெண் ஒருத்தி பேசிய பேச்சு நாடெங்கும் பரவி, அமைச்சர் அவளோடு பந்தியில் அமர்ந்து சாப்பிட்டு, அந்த வருஷத் தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். அந்த ஊர்.

மருமகன் பேச்சுக் கொடுத்தான். துப்பாக்கிப் பேச்சு என்றதும் பெரியவர் முகமே மாறிவிட்டது. "நம்ம துப்பாக்கி இப்ப இல்லே சாமி. ஒரு எலெக்சன் சமயம் ஸ்டேசன்லே ஒப்படைக்கச் சொன்னாங்க. ஒப்படைச்சேன். அப்புறம் போய்க் கேக்கலே. கேட்டா ஆயிரம் கேள்வி" என்றார். பிறகு மணிப் பெட்டியைத் துழாவி, விரல் நீளத்தில் ஒரு மூங்கில் துண்டை எடுத்துக் காட்டினார். கை பட்டுப் பட்டுக் கறுத்து வழவழவென்றிருந்தது. உள்ளே மூன்று கீறல்கள். மருந்து அளக்கும் படி!

"கீழ்க் கீறல் காடைக்கு. நடுக் கீறல் கொக்குக்கு. மேல் கீறல் எங்கப்பன் போட்டது, நான் தொட்டதில்லே. மருந்து கூடினா குழல் வெடிக்கும் சாமி, குறைஞ்சா குருவி சிரிக்கும்."

"மழை நாளிலும் இதே அளவுதானா?" என்றான் இவன்.

"ஐப்பசி மருந்து சித்திரை மருந்து மாதிரிப் பேசாது. அதிலும் இந்த உப்புக் காத்து! சத்தத்திலேயே தெரிஞ்சுடும். தோளு சொல்லும்."

டெக்ஸாஸில் இவன் இதையே வேகமானியை வைத்துப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறான். பெரியவருக்கு நோட்டுப் புத்தகம் தோளில் இருந்தது. இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். எனக்குப் பாதி புரியவில்லை. பட்டறையில் இரண்டு கொல்லர்கள் பேசிக்கொள்வதைத் தையற்காரன் கேட்டதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

வக்கீல் நண்பர் இப்போது சிரிப்பார். "ரைபிளுக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் முடிச்சுப் போடுகிறீரே! ஒன்று ஆயிரம் கஜம், மற்றது முப்பது கஜம்" என்பார். உண்மைதான். ரைபிளின் குழலுக்குள் திருகு வரி உண்டு. அது குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது, ரவை சிதறும். தூரத்தில் ஒப்பிடவே முடியாது. ஆனால் முப்பது கஜத்துக்குள் ஒரு கொக்கை நெருங்க என்ன வேண்டும் என்று நண்பர் ஒரு நாள் வேட்டி நனைய வயலில் தவழ்ந்து பார்க்கட்டும். தூரம் குறைவாக இருப்பதாலேயே அந்த மனிதர் காற்றை மட்டுமல்லாமல் பறவையின் மனத்தையும் படிக்க வேண்டியிருந்தது. வெடிக்கு ஒரு சந்தர்ப்பம்தான். இரண்டாவது வெடி என் தொடர்கதையில்தான் உண்டு.

நண்பரின் அலமாரியிலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். 1953-ல் வந்த 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில் கார்பெட் தம் சிறுவயதுத் துப்பாக்கியைப் பற்றி எழுதியிருக்கிறார். வாய்வழி மருந்து போடும் இரட்டைக் குழல் துப்பாக்கி. அதில் ஒரு குழல் பிளந்து போயிருந்தது. அந்த ஓட்டைத் துப்பாக்கியோடு காட்டில் அலைந்த சிறுவனைப் படிக்கும்போது நண்பருக்குக் கண் பனிக்கிறது. அதே மாதிரித் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் ஒருவர் நடந்தால் நாயை அவிழ்த்து விடுகிறார். துப்பாக்கி ஒன்றுதான் ஐயா, தோள்தான் வேறு. ஆண்டர்ஸனாவது தமக்குக் காட்டைக் கற்பித்தவன் பைரா என்ற பூசாரி என்று மனம் திறந்து எழுதினார். அவரைப் படித்தவர்கள் ஆண்டர்ஸனை வைத்துக்கொண்டு பைராவை மறந்துவிட்டார்கள்.

சட்டத்தைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்க வேண்டாம். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது பெரிய குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சம் ஏழு வருஷம். என் மருமகன் டெக்ஸாஸில் செய்வதை இங்கே வீட்டுத் தாழ்வாரத்தில் செய்தால் அந்த வக்கீலே வந்து ஜாமீன் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டுப்பாடு எனக்குச் சம்மதமே. ஆனால் ஆயுதச் சட்டம் எப்போதுமே எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த சட்டம் இந்தியனை உரிமம் கேட்டது, வெள்ளைக்காரனைக் கேட்கவில்லை. இன்றைக்கும் குடகு மக்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஒரு சமூகத்தின் கையில் துப்பாக்கி இருந்தால் அதைப் பாரம்பரியம் என்று சொல்ல நம் சர்க்காருக்கு வாய் வரும் என்பதற்காகச் சொன்னேன்.

வேட்டைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. நான் வேடந்தாங்கல் இருக்கும் ஜில்லாக்காரன். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கிராமத்தார் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கௌல் எழுதி வாங்கிய மண் இது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது நல்லதே. என் கேள்வி வேறு. ஒரு தொழிலை நிறுத்தும்போது அந்தத் தொழிலுக்குள் இருந்த அறிவை என்ன செய்தோம்?

பதில் பூஞ்சேரியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது என்று சொல்லலாம். அதே 1972 சட்டத்தால் பாம்புத் தோல் வியாபாரம் நின்று இருளர்கள் தவித்தார்கள். 1978-ல் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்று பார்க்கலாம். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம் போகிறது. அந்த மக்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று ஒருவர் மரியாதையோடு கேட்டார். அதனால் நடந்தது இது. நரிக்குறவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை. துப்பாக்கியைக் கீழே வை, மணி கோத்து விற்றுக்கொள் என்றார்கள். அவர்கள் கோத்தார்கள். பட்டியல் பழங்குடி என்ற அங்கீகாரம் வந்து சேரவே 2023 ஆயிற்று.

ஒலிம்பிக் ரைபிள் பந்தயங்களில் இன்று கைத்தோட்டாவுக்கு வேலையே இல்லை. 300 மீட்டர் பந்தயம் 1972 மியூனிக்கோடு போயிற்று. மிஞ்சியிருப்பவை பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியும், ஐம்பது மீட்டர் .22-ம்தான். முதலாவதில் மருந்தே கிடையாது. இரண்டாவதில் பிரைமர் கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் மறுபடி நிரப்ப முடியாது. ஆகவே யார் கையிலும் வெடிமருந்தைக் கொடுக்கச் சொல்கிறேன் என்று பயப்பட வேண்டாம். பத்து மீட்டரில் ஒரு சுவர், நாலு காற்றுத் துப்பாக்கி, பூஞ்சேரியில் ஒரு கொட்டகை: நான் கேட்பது இவ்வளவே. சர்க்கார் பள்ளிக் கூடத்துக்கே ஒழுங்காகக் கூரை போடாத நாட்டில் இதைக் கேட்கிறாயா என்பார் நண்பர். கேட்கிறேன். இலக்கை நோக்கி மூச்சை அடக்கும் வித்தை அப்பன் பாட்டன் வழியாக எந்தத் தெருவில் வருகிறதோ, அந்தத் தெருவில் இது இல்லை. மாதக் கட்டணம் கட்டக்கூடியவர்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

தொடர்கதை புத்தகமாக வரும்போது அந்த இரண்டாவது 'டுமீலை' எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் அவன் மருந்து போடுவதை ஒரு பக்கம் எழுதினேன். கதாநாயகி அந்த ஒரு பக்கமும் புதருக்குப் பின்னால் காத்திருக்க வேண்டியதாயிற்று. பதிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை.

அன்று கிளம்பும்போது மருமகன் அந்த மூங்கில் படியைக் கேட்டான். நூறு டாலர் தருவதாகச் சொன்னான். பெரியவருக்கு டாலர் கணக்கு நன்றாகத் தெரியும். வெளிநாட்டு யாத்ரீகர்கள் வரும் ஊர் அல்லவா? துண்டை மடியில் செருகிக்கொண்டார்.

"அது விக்கிறதுக்கில்லே சாமி. மணி வேணுமா?"

இவன் இரண்டு மாலை வாங்கினான். பேரம் பேசவில்லை.