துணைக்கால் தள்ளி நின்றால்



உங்களில் நாலைந்து பேர் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறீர்கள். கல்யாணப் பத்திரிகை, ஆண்டு மலர், கோயில் நோட்டீஸ் எல்லாம் உங்கள் கையில்தான். இன்னமும் பேஜ்மேக்கரும் பாமினியும்தானே? பேஜ்மேக்கரை அடோபி 2004-லேயே வளர்ப்பதை நிறுத்திவிட்டது. அதிலும் பலரிடம் இருப்பது காசு கொடுக்காத பிரதி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்கிரைபஸுக்கு மாறுங்கள் என்பேன். திறந்த மூல மென்பொருள், இலவசம். அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வண்ண பி.டி.எஃப். தருகிறது. முன்பு அதில் தமிழ் உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். 2017-இல் வந்த 1.5.3 பதிப்பு அதைச் சரிசெய்தது. 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வந்துவிட்டது. கை பழக ஒரு மாதம் ஆகும், வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

எனக்குக் காசைவிட இதுதான் பெரிது: பாமினியில் அடித்த 'அம்மா'வுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதுதான் தெரியும். பழைய ஆண்டு மலர் கோப்பில் ஒரு பிள்ளையின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஒருங்குறியில் அடித்தால் கிடைக்கும்.

அடுத்து எழுத்திடைவெளி, நீங்கள் கெர்னிங் என்பது. 'ட'வின் மேல்பக்கம் வெறுமை. அடுத்த எழுத்து கொஞ்சம் நெருங்கி வராவிட்டால் சொல்லில் பல் விழுந்தது போலிருக்கும். அது அழகுப் பிரச்சினை. துணைக்கால் தள்ளி நின்றால் படிப்புப் பிரச்சினை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'பாடம்' என்பதை 'பரடம்' என்று எழுத்துக் கூட்டும். நாம் பழக்கத்தில் சரியாக வாசித்துவிடுகிறோம், அதற்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆகவே எழுத்துருவைத் தேர்வுசெய்யும் முன் 'பாடம்', 'கடமை', 'வௌவால்' மூன்றையும் பெரிதாக அடித்துப் பாருங்கள். நோட்டோ, லோகித் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துரு நன்றாக இருந்தால் நீங்கள் திருத்த வேண்டியது தலைப்பில் மட்டும்தான். இரு ஓரமும் நேராக வரவேண்டும் என்று எழுத்துகளை இழுத்து விரிக்காதீர்கள். நம் சொற்கள் நீளம்; குறுகிய பத்தியில் வலது ஓரம் ஏறி இறங்கினால் ஒன்றும் குடி முழுகாது.

இந்த வருட ஆண்டு மலரை யார் எடுக்கிறீர்களோ, அச்சுக்குப் போகும்முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.