சாம்பலுக்கு மீட்டர் உண்டா?

ஆத்தூர்ல பஸ் ஏறி முக்காணி, பழையகாயல் தாண்டி முள்ளக்காடு வரும்போது வலது பக்கம் பாருங்க. உப்பளங்களுக்கு அந்தப் பக்கம் தெர்மல் புகைபோக்கிகள். தினமும் பார்க்கிறதால நமக்கு அது பனைமரம் மாதிரி ஆகிப்போச்சு. தூத்துக்குடியில மாசுன்னா ஸ்டெர்லைட்தான் பேச்சு. 2018 மே 22-ஐ யாரும் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆனா 1979-ல இருந்து ஓடுற தெர்மலைப் பத்தி நாம பேசுறதே இல்ல.

ஒரு கணக்குப் போடுவோம். ஹாஸ்டல் ஃபேன் 75 வாட். பதிமூணு மணி நேரம் சுத்தினா ஒரு யூனிட். அதுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரியணும். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்துல இருந்து பாரதீப் துறைமுகம் வழியா கப்பல்ல வர்ற கரி அது. அந்தத் தூசியை முதல்ல சுவாசிக்கிறது அந்த ஊர்க்காரங்க. நம்ம நாட்டுக் கரியில மூணுல ஒரு பங்குக்கு மேல சாம்பல். அப்போ ஒரு யூனிட்டுக்கு ஒரு டம்ளர் சாம்பல். தலா 210 மெகாவாட் வீதம் அஞ்சு யூனிட், மொத்தம் 1,050 மெகாவாட். முழுசா ஓடுற ஒரு நாளைக்கு 6,000 டன், அதாவது முந்நூறு லாரி லோடு!

நியாயமா சொல்லணும்னா, இ.எஸ்.பி. அதுல 99 சதவீதத்துக்கு மேல பிடிச்சிடும். உலர்ந்த சாம்பல் சிமென்ட்டுக்கும் செங்கலுக்கும் போகுது, பி.பி.சி. மூட்டையில 35 சதவீதம் வரைக்கும் சேர்க்கலாம். தண்ணியில கலந்து சாம்பல் குளத்துக்கு விடுறதுதான் தலைவலி. காய்ஞ்சா கிளம்பும். ஆடியில மேகாத்து அடிச்சா மன்னார் வளைகுடாவுக்கு, வாடை அடிச்சா ஊருக்கு. இ.எஸ்.பி.க்குத் தப்புற மிச்சம்தான் ரொம்பப் பொடிசு. மூக்குல நிக்காது, நுரையீரலோட அடி வரைக்கும் இறங்கும்.

கந்தக டை ஆக்ஸைடு கதை இன்னும் மோசம். எஃப்.ஜி.டி. கருவி தேவைப்படுற விதிமுறை 2015 டிசம்பர்ல வந்துச்சு. கெடு ரெண்டு வருஷம். அந்தக் கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துட்டாங்க. நம்ம கரியில கந்தகம் கம்மியாம். இருக்கட்டும். வெளியே வர்ற வாயு காத்துல சல்பேட் நுண்துகளா மாறும்னு நாம பரீட்சைக்கே எழுதியிருக்கோமே மக்கா?

தெர்மலை நாளைக்கே மூடணும்னு நான் சொல்லல. சாம்பலுக்கும் ஒரு மீட்டர் வேணும், அதை ஊர்க்காரங்க பார்க்கணும்னு கேக்குறேன். புகைபோக்கியில ஆன்லைன் கருவி மாட்டச் சொல்லி 2014-லேயே உத்தரவு இருக்கு. அந்த எண்ணைக் கேட்டு வாசல்ல ஒரு பலகையில ஓடவிடச் சொன்னா என்ன தப்பு?

அதுவரைக்கும் நாமே அளக்கலாம். வருஷா வருஷம் லைன் ஃபாலோயர் ரோபோவே செஞ்சுட்டு இருக்கோம். இந்தத் தடவை நாலு துகள் சென்சார் வாங்கி, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் ஒண்ணு, பழையகாயல்ல ஒண்ணு, முள்ளக்காட்டுல ரெண்டு வைப்போம். வாடை தொடங்குறதுக்குள்ள வைக்கணும். முள்ளக்காட்டுல வீடு இருக்கிறவங்க யாராவது மொட்டை மாடி தர்றீங்களா?