சட்டம் வேறு சொல்லும் வரை

பிலிப்பைன்ஸின் தேசிய கீதத்துக்கு 1899இல் ஹோசே பால்மா எழுதிய வரிகள் ஸ்பானிஷ். அமெரிக்கர் ஆட்சியில் அதையே ஆங்கிலத்தில் பாடினார்கள். இன்று பாடுவது பிலிப்பினோ மொழியில். உள்நாடோ வெளிநாடோ, தேசிய மொழியில் மட்டுமே பாட வேண்டும் என்று 1998இல் சட்டமே போட்டார்கள். அந்தச் சட்டத்தை எழுதியது மட்டும் ஆங்கிலத்தில்!

அந்நாட்டு மொழிச் சிக்கல் மொத்தமும் இதில் அடக்கம். 170க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் தீவுகள் அவை. உள்நாட்டு மொழி ஒன்றை அடிப்படையாக வைத்துப் பொதுமொழியை உருவாக்க வேண்டும் என்றது 1935ஆம் ஆண்டு அரசியலமைப்பு. சட்டம் வேறு சொல்லும் வரை ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஆட்சிமொழிகளாக நீடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டது. 1973ஆம் ஆண்டு அரசியலமைப்பிலும் அதே ‘வேறு சொல்லும் வரை’. கூடவே, அந்த அரசியலமைப்பின் ஆங்கில வாசகமும் உள்நாட்டு மொழி வாசகமும் முரண்பட்டால் ஆங்கில வாசகமே செல்லும் என்ற விதி வேறு. 1987இல் ஸ்பானிஷ் ஆட்சிமொழித் தகுதியை இழந்தது. ஆங்கிலமோ அதே நிபந்தனையோடு இன்றும் இருக்கிறது.

எந்த உள்நாட்டு மொழி என்பதை முடிவுசெய்ய 1936இல் ஒரு நிறுவனம் அமைந்தது. அதன் தலைவர் ஹைமே டி வேய்ரா, வாராய் மொழிக்காரர். நிறுவனம் பரிந்துரைத்ததோ தலைநகர் மணிலாவின் மொழியான தகலோக். மறு ஆண்டு டிசம்பர் 30 அன்று, அதாவது தேசிய வீரர் ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டதன் நினைவுநாளில், அதிபர் கெசோன் அதை அறிவித்தார். அவருக்கும் தகலோக்தான் தாய்மொழி. தாய்மொழியாகப் பேசுவோர் தொகையில் அன்று முன்னே நின்ற செபுவானோக்காரர்களுக்குக் கசக்காதா என்ன?

மனத்தாங்கலை ஆற்ற 1959இல் பெயரை ‘பிலிபினோ’ என்றார்கள், 1987இல் ‘பிலிப்பினோ’. பிற மொழிச் சொற்களும் சேர்ந்து வளரட்டும் என்பது நல்ல எண்ணம்தான். இலக்கணமும் பெரும்பகுதிச் சொற்களும் இன்றும் தகலோக்கினுடையவை. செபுவானோ, இலோகானோ போன்றவற்றுக்குக் கிடைத்தது அந்தந்த வட்டாரத்தில் துணை ஆட்சிமொழி என்ற தகுதி.

அந்தத் தகுதிக்கு உயிர் கொடுத்தது 2013ஆம் ஆண்டு கல்விச் சட்டம். மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று அது வகுத்தது. பள்ளிகளில் 19 மொழிகள் நுழைந்தன. பாடநூல் போதவில்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை. அதைச் சரிசெய்வதை விட்டுவிட்டு, 2024இல் நாடாளுமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றித் திட்டத்தையே கைவிட்டது. பிழை அரசின் ஏற்பாட்டில், தண்டனை பிள்ளைக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தாய்மொழி உள்ள வகுப்புகளுக்கு விலக்கு உண்டு. அதற்கும் இலக்கண நூல், பயிற்சி பெற்ற ஆசிரியர் என்று நிபந்தனைகள். சிறுபான்மை மொழிகள் இவற்றுக்கு எங்கே போகும்?

இலோகானோ வழங்கும் மாகாணத்திலிருந்து வந்த குடும்பத்தவரான அதிபர் மார்கோஸ் ஜூனியர் அந்த மசோதாவில் கையெழுத்திடவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. கெடு கடந்ததும் அக்டோபரில் அது தானாகவே சட்டமாகிவிட்டது.