நீங்கள் கேட்டவை: சினை மாட்டுக்கு ஸ்கேன் எடுத்தால் கன்றுக்கு ஆபத்தா?

‘கலப்பினப் பசுவுக்குச் சினை ஊசி போட்டு ஒரு மாதம் ஆகிறது. மீண்டும் பருவத்துக்கு வரவில்லை. ஸ்கேன் செய்து சினை பார்க்கலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். அந்தக் கதிர் கருவைப் பாதிக்கும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எது சரி?’

-வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

தாராளமாகப் பார்க்கலாம். இந்த ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது. வேலை செய்வது ஒலிதான். எக்ஸ்ரேயோடு இதைக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. கர்ப்பிணிப் பெண்களுக்கு வயிற்றில் வைத்துப் பார்ப்பதும் இதே முறைதான்.

மனிதக் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். மாட்டுக்குப் பயன்படும் ஸ்கேன் கருவியின் ஒலி, விநாடிக்கு 50 லட்சம் அதிர்வுகளுக்கும் மேல். கருவியின் முனையில் உள்ள படிகத்தில் மின்சாரம் பாய்ந்ததும் அது அதிர்ந்து ஒலியை அனுப்பும். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருவதுபோல, உள்ளுறுப்புகளில் பட்ட ஒலி திரும்பி வரும். அதே படிகம் அதை வாங்கி மின்சாரமாக மாற்றும். உடல் தசைக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். எதிரொலி திரும்ப எடுத்த நேரத்தை வைத்து, உறுப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுத் திரையில் படமாகக் காட்டுகிறது கருவி. நீர் கறுப்பாகவும், எலும்பு வெள்ளையாகவும் தெரியும். கருப்பையில் கறுப்பாக நீரும், அதற்குள் துடிக்கும் புள்ளியாகக் கருவின் இதயமும் தெரிந்தால் சினை உறுதி.

இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால்தான் ஆட்டுக்கு வயிற்றில் முடியை நீக்கிக் களிம்பு தடவுகிறார்கள். மாட்டுக்குச் சாணத்தை அகற்றிவிட்டு, ஆசனவாய் வழியாகக் கருவியைச் செலுத்துவார்கள்.

கைவிட்டுப் பார்த்துச் சினையை உறுதி செய்ய, பொதுவாக 45 முதல் 60 நாட்கள் ஆக வேண்டும். ஸ்கேனில் 30 நாட்களிலேயே தெரிந்துவிடும். சினை இல்லை என்றால், அடுத்த பருவத்துக்கே ஊசி போட்டுக்கொள்ளலாம். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீண். கருப்பையில் சீழ், சூலகத்தில் கட்டி இருந்தாலும் ஸ்கேனில் தெரியும். அதற்கேற்ப வைத்தியம் பார்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைக்க வேண்டும். 30 நாளில் சினை என்று தெரிந்தாலும் தொடக்கத்தில் கரு கலைந்துபோக வாய்ப்பு உண்டு. 60 நாளுக்கு மேல் ஒருமுறை மீண்டும் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்றாவதுதான் முக்கியம். பருவத்துக்கு வரவில்லையே என்று, சினை பார்க்காமல் பருவ ஊசி போடக் கூடாது. பருவத்தைத் தூண்டப் போடும் சில ஊசிகள், வயிற்றில் உள்ள கருவைக் கலைத்துவிடும். கன்றுக்கு ஆபத்து அந்த ஊசியில்தான், ஸ்கேனில் இல்லை.