ஓட்டு போடத் தெரிந்தால் போதுமா? ஜனநாயகத்தை விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

முதலமைச்சர் பெயர் கேட்டால் உடனே சொல்லிவிடுவோம். நம்ம வார்டு கவுன்சிலர் பெயர்? அங்கேதான் பலருக்கு இழுக்கும். தெருவிளக்கு எரியலைன்னா யாரிடம் மனு கொடுக்கணும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எத்தனை நாளில் பதில் வரணும் (30 நாள்) என்பதெல்லாம் பட்டம் வாங்கி வேலைக்குப் போனவர்களுக்கே புதுச் செய்தியாக இருக்கும்.

இது படிக்காததால் வந்த பிரச்னை இல்லை. பள்ளியில் எல்லோரும் 'குடிமையியல்' படித்தவர்கள்தான். ஆனால் அது சமூக அறிவியல் புத்தகத்தில் ஒரு பகுதி. ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து, பரீட்சையோடு மறந்த விஷயம். அரசமைப்பின் 61ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்து, 1989ல் நடைமுறைக்கு வந்தது. அந்த 18 வயதுக்கு முன்னால் ஜனநாயகத்தைப் பழகிப் பார்க்க ஒரு இடம் வேண்டாமா? 'கேம்ஸ் மூலமா கத்துக்கொடுக்கலாமே' என்ற யோசனை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

நீதிபதி தொடங்கிய கேம்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். ஓய்வு பெற்ற பிறகு, பிள்ளைகளுக்கு அரசு எப்படி இயங்குகிறது என்பதே தெரியவில்லையே என்ற கவலையில், 2009ல் 'ஐசிவிக்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இலவச ஆன்லைன் விளையாட்டுகள் அதன் முக்கிய அடையாளம். ஒன்றில் நீங்கள் ஒரு வக்கீல் அலுவலகம் நடத்தணும். ஆட்கள் புகாரோடு வருவார்கள். அவர்கள் கேட்கும் உரிமை அரசமைப்பில் இருக்கிறதா, இல்லையா என்று முடிவெடுத்து, சரியான வக்கீலிடம் அனுப்பணும். தப்பாக முடிவெடுத்தால் உங்கள் அலுவலகத்தின் மதிப்பு சரியும்.

பாடப்புத்தகத்தில் உரிமைகள் ஒரு பட்டியல். இங்கே ஒவ்வொரு உரிமைக்குப் பின்னாலும் பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு ஆள் இருக்கிறார். வித்தியாசம் அதுதான்.

வில்லனாக விளையாடினால்?

2018ல் வந்த 'பேட் நியூஸ்' இன்னும் ஒரு படி மேலே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு குழுவும் சேர்ந்து உருவாக்கியது. இதில் பொய்ச் செய்தி பரப்புகிறவரே நீங்கள்தான். ஆள்மாறாட்டம் செய்யணும், கோபத்தைக் கிளறணும், சதிக்கதை கட்டணும், ஃபாலோயர்ஸைச் சேர்க்கணும். தடுப்பூசி மாதிரி, கொஞ்சமாக உள்ளே விட்டு எதிர்ப்புச் சக்தியை வளர்ப்பதுதான் திட்டம். விளையாடியவர்கள் ஏமாற்றுப் பதிவுகளை முன்பைவிடக் குறைவாக நம்பினார்கள் என்று ஆய்வுகள் சொல்லின. அதே நேரம், எல்லாவற்றையும் சந்தேகப்படும் பழக்கம் வந்து உண்மைச் செய்தியையும் நம்பாமல் போய்விடுவார்களோ என்ற விமர்சனமும் உண்டு.

ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஃபார்வர்டு வாங்குகிறவர்களுக்கு இந்த விவாதம் புரியும். சந்தேகப்படக் கற்பது பாதி வேலை. எதை, எதை வைத்து நம்பலாம் என்பது மீதி. அந்த மீதியை கேம் மட்டும் தராது. ஆடி முடித்த பிறகு யாராவது உட்கார்ந்து பேசணும்.

மோனோபோலி சொல்லும் எச்சரிக்கை

பேசாமல் விட்டால் என்ன ஆகும்? நம்ம ஊரில் 'டிரேட்', 'பிசினஸ்' என்ற பெயர்களில் ஆடிய விளையாட்டே சாட்சி. அதன் மூலம், 1904ல் லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண் காப்புரிமை பெற்ற 'நில உடைமையாளர் விளையாட்டு'. நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று காட்டுவதுதான் அவர் நோக்கம். இரண்டு விதமான விதிகள் வைத்தார். ஒன்றில் ஒருவர் மட்டும் ஜெயிப்பார். இன்னொன்றில் செல்வம் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

1935ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மோனோபோலியை விற்க ஆரம்பித்தது. மேகியின் காப்புரிமைக்குக் கிடைத்தது 500 டாலர். உலகம் முழுக்கப் பரவியது அந்த முதல் விதி மட்டும்தான். எச்சரிக்கையாகப் பிறந்த விளையாட்டு, அடுத்தவரை போண்டியாக்கும் சந்தோஷத்தில் முடிந்தது.

கேமில் வரைந்த பூங்கா

மாறாக ஒரு நல்ல உதாரணம்: 2012ல் மைன்கிராஃப்ட் நிறுவனமும் ஐ.நா. வாழ்விட அமைப்பும் தொடங்கிய 'பிளாக் பை பிளாக்'. ஒரு பகுதியில் வசிப்பவர்களே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தங்கள் பொது இடம் எப்படி இருக்கணும் என்று மைன்கிராஃப்டில் கட்டிக் காட்டுவார்கள். பெஞ்ச் எங்கே, விளக்கு எங்கே என்று வாக்குவாதம் நடக்கும். அந்த மாதிரியை வைத்து வடிவமைப்பாளர்களும் அதிகாரிகளும் வேலையைத் தொடர்வார்கள். நேபாளத்தின் கீர்த்திபூரில் ஒரு பழைய குளத்தைச் சுற்றிய இடம் இதன் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று.

இங்கே ஸ்கோர் கிடையாது. திரையில் எடுத்த முடிவு தெருவுக்கு வருகிறது, அவ்வளவுதான். இளைஞர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு தேவையில்லை.

நம்ம ஊரில்?

விளையாட்டு வழியே நல்லது கெட்டது சொல்வது நமக்குப் புதுசில்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதம் அதைத்தான் செய்தது. டெல்லி பள்ளிகளில் 1966-67லேயே இளைஞர் நாடாளுமன்றப் போட்டி தொடங்கியது. 2018 முதல் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் விழிப்புணர்வு மன்றங்கள் பள்ளி, கல்லூரிகளில் இருக்கின்றன.

குறை எங்கே என்றால், மாதிரி நாடாளுமன்றம் பல இடங்களில் வசனம் எழுதி ஒத்திகை பார்த்த நாடகமாகிவிடுகிறது. யார் ஜெயிப்பார் என்பது முன்பே தெரியும். முடிவு தெரிந்தபின் அது எப்படி விளையாட்டாகும்? விழிப்புணர்வு என்றாலும் 'மறக்காம ஓட்டு போடுங்க' என்பதோடு நின்றுவிடுகிறது. ஓட்டு ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் வேலை. மீதி நாட்களுக்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் கிராம சபைக்கான நாட்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பஞ்சாயத்து விளையாட்டை யோசித்துப் பாருங்கள். கையில் இருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் வரும். குடிநீர்க் குழாயா, சுடுகாட்டுப் பாதையா, அங்கன்வாடி கூரையா? ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தெரு, ஒரு தேவை. பேசி, விட்டுக்கொடுத்து, தீர்மானம் எழுதணும். ஆப் வேண்டாம், அட்டையும் பேப்பரும் போதும். தோற்ற தெரு ஏன் தோற்றது என்று கடைசிப் பத்து நிமிஷம் பேசணும். அடுத்த கிராம சபையில் உண்மையான தீர்மானம் எப்படி நிறைவேறுகிறது என்று நேரில் போய்ப் பார்க்கணும்.

'வகுப்புக்குள்ள அரசியல் வரலாமா?' என்ற கேள்வி கண்டிப்பாக வரும். கட்சி வரக்கூடாது, சரி. ஆனால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்று பேசுவதும் அரசியல்தான். அதை 18 வயதுக்கு முன் ஒரு முறைகூடப் பேசிப் பழகாதவரிடம், 18 முடிந்த மறுநாள் பொறுப்பான குடிமகனாக இரு என்று எதிர்பார்ப்பதுதான் நியாயமில்லை.