பன்னிரண்டு வகுப்புகளும் பறிபோன ஒரு முயற்சியும்

சென்ற பருவத்தின் இறுதியில், டெல்லியில் எங்கள் விடுதி அறையில் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட அமர்ந்தோம். கதையை நடத்தும் பொறுப்பு என்னுடையது. வரலாற்று முதுகலை முதலாண்டு மாணவி ஒருவர் அன்றுதான் முதன்முதலாக இருபது முகப் பகடையைக் கையில் எடுத்தார். நாங்கள் ஆடியது 2014 பதிப்பு. அதிலுள்ள 12 பாத்திர வகுப்புகளையும் புரட்டிக் களைத்தபின், எளியது என்று நாங்கள் சொன்னதால் ஃபைட்டரை, அதாவது போர்வீரரை, எடுத்துக்கொண்டார். கோட்டை வாயிலில் காவலன் வாளை உருவியதும் அவர் சொன்னார்: "இவனைக் கொல்ல வேண்டாம். கையிலிருக்கும் வாளை மட்டும் தட்டிவிடுகிறேன்." பழகிய ஆட்டக்காரர் ஒருவர் உடனே திருத்தினார்: "அது பேட்டில் மாஸ்டரின் திறன். மூன்றாம் நிலைக்கு வந்து அந்த உட்பிரிவைத் தேர்ந்தால்தான் கிடைக்கும்." நானும் தலையசைத்தேன். "அப்படியென்றால் வெட்டுகிறேன்" என்றார் மாணவி. அன்றிரவு எஞ்சிய மூன்று மணி நேரமும் அவர் பேசியது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான்.

இந்த ஆட்டத்தில் வகுப்புகள் மிகுந்துவிட்டனவா என்ற விவாதம் பழையது. ஒரு சாரார் எண்ணிப் பார்த்து மலைக்கின்றனர். மறு சாரார் எண்ணிப் பார்த்து மகிழ்கின்றனர். மிகுந்துவிட்டன என்பதே என் நிலைப்பாடு. ஆனால் நூலின் பருமனோ புதியவர்களின் குழப்பமோ எனக்கு முதன்மைக் காரணம் அன்று. புதிய வகுப்பு ஒன்று பிறக்கும்போது, அதுவரை எல்லோரும் முயன்று பார்க்கக்கூடியதாக இருந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் அதன் தனியுடைமையாகிவிடுகிறது. இதை நாம் போதிய அளவு பேசவில்லை.

தொடக்கத்திலிருந்தே இது நிகழ்கிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் வகுப்புகள் மூன்றே: போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு. பூட்டிய பேழை ஒன்று எதிர்ப்பட்டால், அதை எப்படித் திறக்கப்போகிறேன் என்று ஆடுபவர் விவரிப்பார். நடக்குமா என்று நடத்துபவர் தீர்மானிப்பார். 1975இல் வந்த கிரேஹாக் துணைநூல் திருடன் என்ற வகுப்பைச் சேர்த்தது. பூட்டுத் திறப்பதும் நிழலில் மறைவதும் ஓசையின்றி நடப்பதும் அட்டவணைக்குள் போயின. 1981ஆம் ஆண்டின் அடிப்படைப் பதிப்பில் முதல்நிலைத் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு. நிழலில் மறையும் வாய்ப்பு 10. இது திருடனுக்குக் கிடைத்த பெரிய சலுகை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அந்த அட்டவணை இல்லாத பிற வகுப்பினருக்கு எத்தனை விழுக்காடு? ஆட்ட மேசைகளில் பலர் அதைச் சுழியம் என்றே படித்தனர்.

இன்னும் தெளிவான சான்று சார்சரர். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இவ்வகுப்புக்கு நியாயமான தேவை இருந்தது. விசார்ட் எந்த மந்திரத்தை எத்தனை முறை ஏவப்போகிறார் என்பதை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளவேண்டும். சார்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் குறைவு, ஆயினும் வேண்டியபோது வேண்டியதை ஏவலாம். 2014 பதிப்பு விசார்ட்டின் கட்டைத் தளர்த்தியது. தயாரித்து வைத்த மந்திரங்களில் எதையும் அவரும் நினைத்தபோது ஏவலாம் என்றானது. சார்சரர் தனித்து நிற்கக் காரணம் குறைந்தது. அப்போது என்ன செய்தார்கள்? மந்திரத்தின் நேரம், தொலைவு, வலிமை ஆகியவற்றை மாற்றி ஏவும் மெட்டாமேஜிக் கலையைச் சார்சரருக்கு உரியதாக்கினார்கள். மூன்றாம் பதிப்பில் தகுதி பெற்ற எந்த மந்திரவாதியும் கற்கக்கூடிய கலை அது. ஒரு பெயரைக் காப்பாற்றப் பொதுச்சொத்து ஒன்று வேலியிடப்பட்டது. 2020இல் வந்த துணைநூல் அதில் ஒரு சிறு பங்கைப் பிறருக்குத் திருப்பித் தந்தது. பறிபோனது உண்மை என்பதற்கு இதைவிட என்ன ஒப்புதல் வேண்டும்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் மறுக்கவில்லை. வகுப்பு என்பது மேசையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை உறுதி செய்கிறது. கூச்சமுள்ள ஒருவர் திருடனாக அமர்ந்தால், பூட்டு வரும்போது எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். வாய்ச்சாதுரியம் உள்ளவரே எல்லாவற்றையும் செய்துவிடும் ஆட்டத்தைவிட அது நியாயமானது. வகுப்புகளே இல்லாத கர்ப்ஸ் போன்ற ஆட்டங்கள் 1986 முதல் இருக்கின்றன. அவை புதியவரின் கையில் புள்ளிக்கணக்கை ஒப்படைப்பதும் உண்மை. எனவே வகுப்புகளை ஒழிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை அன்று. ஆனால் இந்த வாதம் நான்கைந்து பேர் அமரும் மேசைக்கு நான்கைந்து இடங்களைத்தான் நியாயப்படுத்துகிறது. 2024 நூலில் 12 வகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு உட்பிரிவுகள், ஆக 48. இத்தனை இடங்களுக்கும் தனித்திறன் தேடினால் பொதுவெளியிலிருந்துதான் எடுக்கவேண்டியிருக்கும்.

"விருப்பமில்லையென்றால் அந்த வகுப்பை எடுக்காதே" என்பார் சிலர். எங்கள் மேசையில் பேட்டில் மாஸ்டராக ஒருவரும் இல்லை. ஆயினும் அந்த உட்பிரிவு நூலில் இருந்ததே அந்த மாணவியின் கையைக் கட்டப் போதுமானதாக இருந்தது. இன்னும் சிலர் இதில் வருணப் பாகுபாட்டின் சாயலைக் காண்கின்றனர். அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை. இங்கே வகுப்பை ஆடுபவரே தேர்கிறார், சலித்தால் மாற்றிக்கொள்கிறார். பிறப்பால் சுமத்தப்படுவதன் கொடுமையை விளையாட்டோடு ஒப்பிடுவது அக்கொடுமையைச் சிறிதாக்கும்.

அப்படியானால் அளவுகோல் எது? ஒவ்வொரு வகுப்பிடமும் இரண்டு கேள்விகள் கேட்போம். ஆடுபவர் முடிவெடுக்கும் முறையை நீ மாற்றுகிறாயா? பிறர் முயலக்கூடியதை அவர்களிடமிருந்து பறிக்காமல் அதைச் செய்கிறாயா? வார்லாக் தேறிவிடுகிறது. குறைந்த மந்திர வாய்ப்புகளைச் செலவிட்டுச் சிறிது ஓய்வில் மீட்டுக்கொள்ளும் அதன் முறை, உண்மையிலேயே வேறுவகைச் சிந்தனையைக் கேட்கிறது. சார்சரர் விசார்ட்டுக்குள் அடங்கலாம். பார்பேரியனின் சினமும் ரேஞ்சரின் காட்டறிவும் போர்வீரருக்குள் தெரிவுகளாகலாம். வறண்டுபோன போர்வீரரும் அதனால் செழிப்பார். குறைப்பது இயலாத காரியமன்று. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு வகுப்புகளை நான்கு பெருங்குழுக்களாகத் தொகுத்தது. அசாசினையும் மாங்கையும் தன் முதன்மை நூலிலிருந்து விலக்கியது. ஆட்டம் நின்றுவிடவில்லை.

மறுநாள் நடத்துபவருக்கான நூலைத் தேடிப் படித்தேன். எதிரியின் கையிலிருந்து ஆயுதத்தைத் தட்டிவிட எவரும் முயலலாம் என்ற விதி, விரும்பினால் சேர்த்துக்கொள்ளத்தக்கதாக அதில் இருந்தது. ஆடுபவரின் நூலில் அது இல்லை. அங்கே அத்திறன் பேட்டில் மாஸ்டரின் பட்டியலில் இருந்தது. நாங்கள் எல்லோரும் படித்தது அந்தப் பட்டியலைத்தான். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஒரு சொல்லில் அனுமதித்திருக்கலாம். பகடையை உருட்டச் சொல்லியிருக்கலாம்.

இனி என் மேசையில் ஒரே விதி: வகுப்பு என்பது ஒருவர் எதைச் சிறப்பாகச் செய்வார் என்பதைச் சொல்லட்டும், எதை முயலக்கூடாது என்பதைச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை. அந்த மாணவி அடுத்த அமர்வுக்கு வரவில்லை, தேர்வு என்றார். இந்தப் பருவத்தில் மீண்டும் அழைத்திருக்கிறேன். வந்தால், கதை அதே கோட்டை வாயிலில், வாளுருவிய அதே காவலனோடு தொடங்கும்.