ஆட்டோகிராப் நோட்டை இப்பவே ஆரம்பிங்க!



பிளஸ் 2 படிக்கும் அண்ணனோ, அக்காவோ வீட்டில் இருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். பிப்ரவரி பிறந்ததும் வழவழ அட்டை போட்ட ஒரு நோட்டு வீட்டுக்குள் வந்துவிடும். உள்ளே ரோஸ், மஞ்சள், பச்சை என்று கலர் கலராகப் பக்கங்கள். பெயர், பிறந்த தேதி, பிடித்த நடிகர், கடைசியில், 'உன்னை என்றும் மறக்க மாட்டேன்' என்று ஒரு வரி. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் கிட்டத்தட்ட இதே வரிதான்! ஏழு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனும் அதைத்தான் எழுதுவான். ஒருநாள் கூடப் பேசாதவனும் அதைத்தான் எழுதுவான். பாவம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. எழுதக் கிடைப்பது கடைசி ஒரு வாரம். அப்போது மண்டைக்குள் ஓடுவதெல்லாம் வேதியியல் சமன்பாடுதான்.

பள்ளிக்கூட நாட்களை நினைத்துப் பார்ப்பதை இப்படிக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வைப்பது சரியில்லை என்பது என் கட்சி. தென்காசி பக்கத்துப் பிள்ளைகளுக்கு 2020ல் என்ன நடந்தது என்று கேளுங்கள். நீங்களும் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

அந்த வருடம் பிளஸ் 2 முடித்தவர்கள் கொஞ்சம் வித்தியாசமான செட். 2018ல் பிளஸ் 1 சேர்ந்தபோது புதிய பாடத்திட்டம் வந்தது. மறு வருடம் பிளஸ் 2விலும் புதுப் புத்தகம். பக்கத்து வீட்டு அக்காவிடம் பழைய நோட்ஸ் வாங்கிப் படிக்கலாம் என்றால் அது உதவாது. அது போதாதென்று, படிப்பு பாதியில் இருக்கும்போதே மாவட்டமும் மாறிவிட்டது! 2019 நவம்பர் 22ல், திருநெல்வேலியில் இருந்து பிரிந்து, தமிழகத்தின் 33வது மாவட்டமாகத் தென்காசி உதயமானது. முதல் வகுப்பில் இருந்து, 'திருநெல்வேலி மாவட்டம்' என்று முகவரி எழுதிப் பழகிய கை, அரைப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், 'தென்காசி மாவட்டம்' என்று எழுதப் பழகியது.

அவர்களுக்குக் கடைசித் தேர்வு 2020 மார்ச் 24. மற்ற வருடங்களில் அந்த நாள் எப்படி இருக்கும்? வெள்ளைச் சட்டையில் இங்க் தெளிப்பார்கள். சட்டை முதுகில் கையெழுத்து வாங்குவார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர்கள் கேட் பக்கத்தில் நின்று அழுவார்கள். (இங்க் தெளிப்பது எனக்குப் பிடிக்காது. துவைப்பது அம்மாதானே!) அந்த வருடம் அதற்கெல்லாம் வழியில்லை. அன்று மாலை 6 மணி முதல் மாநிலம் முழுவதும் 144 தடை உத்தரவு. நள்ளிரவில் இருந்து நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு. தேர்வு எழுதி முடித்ததும், பஸ் நிற்பதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும். பஸ் கிடைக்காமலும், பயத்தாலும் தேர்வுக்கே வர முடியாதவர்கள் தமிழகத்தில் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்கு ஜூலை 27ல் தனியாகத் தேர்வு வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஜூலை 16லேயே ரிசல்ட் வந்துவிட்டது!

சரி, குற்றாலத்திலாவது சந்தித்திருக்கலாமே என்கிறீர்களா?

வெளியூர்க் குட்டீஸுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தேர்வு முடியும் மார்ச், ஏப்ரலில் குற்றாலம் அருவிகளில் பெரும்பாலும் நூல் மாதிரிதான் தண்ணீர் விழும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்த பிறகுதான் கொண்டாட்டம். வெயிலும் சாரலுமாக மாறி மாறி வரும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எல்லாம் நிரம்பும். ரோட்டோரம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்து கிடக்கும். ரிசல்ட் வந்து, யாருக்கு எந்தக் காலேஜ் என்று தெரிந்த பிறகு, 'ஏலே மக்கா, அருவிக்குப் போவமா?' என்று கிளம்புவார்கள். தென்காசியில் இருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். அவர்களுக்கு உண்மையான பிரிவு விழா அதுதான். 2020 சாரல் காலத்தில் அருவிகளில் குளிக்கத் தடை. தண்ணீர் விழுந்தது, குளிக்கத்தான் ஆள் இல்லை.

அருவி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. அதைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் கிட்டேயே போகக் கூடாது. 2024 மே 17ல், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவனை இழுத்துச் சென்றுவிட்டது. பள்ளி விடுமுறைக் காலம் அது. மலை மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். போலீஸ்காரர் விசில் ஊதினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். 'இன்னும் அஞ்சே நிமிஷம் சார்' எல்லாம் வேண்டாம்.

'அதெல்லாம் கொரோனா வந்த வருஷம். எப்பவுமா அப்படி?' என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. கொரோனாவே வராத வருடத்திலும், கடைசி நாள் வரைக்கும் வராதவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் பிளஸ் 2 அண்ணன், அக்காக்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'ஆறாம் வகுப்பில் உங்களோடு படித்தவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை?' விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். ஒருவன் ஐ.டி.ஐ., போயிருப்பான், ஒருத்தி பாலிடெக்னிக் சேர்ந்திருப்பாள். அது நல்ல விஷயம். ஒருவனின் அப்பாவுக்கு கேரளாவில் வேலை, குடும்பமே போயிருக்கும். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். ஒருத்தி பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் பெயில் ஆகி, வெட்கப்பட்டு வீட்டிலேயே அம்மாவுடன் பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். பீடி சுற்றும் வீடுகள் அதிகம் உள்ள நம் பகுதியில் இது புதிதில்லை. துணைத் தேர்வு எழுதி அதே வருடம் பிளஸ் 1 சேரலாம் என்று அவளிடம் யாராவது சொன்னார்களா என்பதுதான் என் கவலை.

பிளஸ் 2 குரூப் போட்டோவில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ரோஸ் கலர் நோட்டிலும் இருக்க மாட்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் மட்டும் சேர்ந்து, 'நம்ம கிளாஸ்' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஒருவன் வராமல் போவது முதலில் யாருக்குத் தெரியும்? டீச்சருக்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத்தான். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் பெஞ்சில் இடம் காலியாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். காய்ச்சல் என்றால் பாடத்தை எழுதிக் கொடுங்கள். வேலைக்கு அனுப்புகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்தால், உடனே டீச்சரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098ஐயும் கூப்பிடலாம். அது கோள் சொல்வது ஆகாது.

நோட்டு விஷயத்துக்கு வருவோம். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி., என்பவரைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். 1882ல் பிறந்து, 1954ல் மறைந்தவர். ராஜாஜி, கல்கி எல்லாம் அவர் வீட்டுக்கு வருவார்கள். நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவதில் மன்னர். அந்தக் கடிதங்களே பின்னால் புத்தகமாக வந்தன. பிரியும்போது எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பழகிக் கொண்டிருக்கும்போதே எழுதினார். உங்களுக்கும் அது முடியும். 'இன்று மழை. குடை இல்லாமல் நானும் அவனும் புத்தகப் பையைத் தலையில் வைத்து ஓடினோம். சத்துணவு முட்டையில் பாதியை எனக்குக் கொடுத்தான்' என்று தேதி போட்டு எழுதினால் போதும். இனிஷியலோடு முழுப் பெயரும், ஊர்ப் பெயரும் எழுதுங்கள். போன் நம்பர் மாறிவிடும். 'குண்டு மணி', 'ஒல்லி மணி' என்று மட்டும் எழுதி வைத்தால், 20 வருடம் கழித்துத் தேடும்போது எந்த மணி என்று உங்களுக்கே தெரியாது!

பள்ளியை விட்டுப் போகும்போது மாற்றுச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதில் உடம்பில் எங்கே மச்சம் இருக்கிறது என்று கூட எழுதியிருக்கும். நடத்தை என்ற இடத்தில் பெரும்பாலும் எல்லாருக்கும், 'நன்று' தான். சுவர் ஏறிக் குதித்தவனுக்கும் நன்று, நாள் முழுக்க வாயே திறக்காதவனுக்கும் நன்று! முட்டையில் பாதி கொடுத்த கதையை அதில் எதிர்பார்க்க முடியாது.

கலர் நோட்டுக்குக் காசு கேட்டு அப்பாவை நச்சரிக்க வேண்டாம் குட்டீஸ். போன வருட நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து, சணல் கோத்துத் தைத்துக் கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் இப்போது உங்கள் பெஞ்சில் இருக்கும் எல்லார் பெயரையும் எழுதிவிடுங்கள்.